அன்னாளின் இடுப்பும் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் போர்டிங். அந்தக் காலத்தில் அங்கே படித்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர்களின் முகம் மறந்துபோயிருக்கலாம். அன்னாளின் சத்தம் மறந்திருக்காது. விடிவதற்கு முன்னாலேயே அது கேட்க ஆரம்பித்துவிடும்.

“ஏட்டி, குளிக்கச் சொன்னா நீச்சலா அடிக்கிறிய? நான் என்ன மேகமா, நீங்க ஊத்த ஊத்தப் பெய்யறதுக்கு?”

அன்னாள்தான் அந்த போர்டிங்கின் தண்ணீர்க்காரி. காம்பவுண்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர்; பிள்ளைகள் குளிக்க அதை இறைத்து ஊற்றுவதும் அவள்தான். குடிக்கவும் சமைக்கவும் கண்மாய்க் கரைக் கிணற்றிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். தலையில் ஒரு குடம், இடது இடுப்பில் ஒரு குடம். தலைக் குடத்தை அவள் பிடிக்கவே மாட்டாள். ஒரு கை இடுப்புக் குடத்தின் கழுத்தை வளைத்திருக்கும், இன்னொரு கை வீசி வீசி நடக்கும், வாய் வழியில் போகிற எல்லோரிடமும் வம்பளக்கும். ஒரு சொட்டுத் தளும்பாது! பிள்ளைகள் பின்னாலேயே நடந்து பார்த்திருக்கிறார்கள், மண்ணில் ஈரம் விழுகிறதா என்று. விழாது.

அவள் பிறந்தது ராஜபாளையத்தில். அப்பா பருத்தி மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வாக்கப்பட்டு வந்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. புருஷன் அதே போர்டிங்கில் சமையல்காரன். காலராவில் ஒரே ராத்திரியில் போய்விட்டான். கையில் ஒரு பெண் குழந்தை. போர்டிங்காரர்கள் இரக்கப்பட்டுத் தண்ணீர் வேலை கொடுத்தார்கள், சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். அந்த இடுப்பை வைத்துத்தான் அவள் மகளை வளர்த்தாள், மகாராஜபுரத்தில் விவசாயம் பண்ணுகிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்தாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து இடது இடுப்பில் தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. “இது எனக்குக் கவர்மெண்டு குடுத்த மெடலு” என்பாள் சிரித்துக்கொண்டே.

அந்த இடுப்புதான் போயிற்று.

1937ஆம் வருடம். காலாண்டு லீவு விட்டிருந்தார்கள். மகளைப் பார்க்க மகாராஜபுரம் போய்விட்டு, வத்திராயிருப்பில் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினாள். ராஜபாளையம் கம்பெனி பஸ் அது. அப்போது பஸ்காரர்களுக்குள் பெரிய போட்டி. ரோடு பிரிகிற கிருஷ்ணன்கோவில் விலக்கில் நிற்கிற ஆட்களை யார் முதலில் அள்ளிக்கொண்டு போவது என்று ஒருவரை ஒருவர் துரத்துவார்கள். அன்றைக்கும் மதுரைப் பக்கமிருந்து வந்த இன்னொரு பஸ் முந்திக்கொண்டது. இந்த டிரைவருக்கு ரோஷம். விலக்கைத் தாண்டியதும் விரட்டினான். உள்ளே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள். எதிரே பருத்தி வண்டி ஒன்று வந்தது. ஒதுங்க இடமில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பஸ் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

அன்னாளுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்கு வெற்றிலை நீட்டியிருந்தார். அவர் அங்கேயே செத்துப்போனார். அன்னாள் அவர் மேல் விழுந்து, அங்கிருந்து வெளியே வீசப்பட்டு ரோட்டோரக் கரைமேட்டில் போய் விழுந்தாள். எழுந்து நின்றாள். நிற்க முடிந்தது! சேலை முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மகள் கொடுத்துவிட்ட முருங்கைக்காய்க் கட்டைத் தேடியெடுத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ராத்திரி புரண்டு படுத்தபோது இடது இடுப்பில் சுருக்கென்று ஒரு குத்து. செத்தவரின் முகம் கண்ணுக்குள் நிற்கும்போது அந்தக் குத்தையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

இங்கே அன்னாள் போகிற கிறிஸ்தவக் கோயிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவுமே விளங்காது.

அந்தச் சபையில் ஆபத்துக்குத் தப்பியவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே காணிக்கை எடுப்பதற்கு முன் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். விஷக்காய்ச்சலில் பிழைத்தவர்கள், பிரசவத்தில் பிழைத்தவர்கள், பாம்புக்குத் தப்பியவர்கள், எல்லோரும்தான். அந்த ஸ்தோத்திரத்தில் குறை கலக்கக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கால் வீங்கியிருக்கிறது, கண் இன்னும் மங்கலாக இருக்கிறது என்று நன்றியோடு சேர்த்துச் சொன்னால் கொடுத்தவரிடமே கணக்குக் கேட்கிற மாதிரி. பருத்தி மில்லில் விரல் நசுங்கியவன்கூடக் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “ஒரு குறையும் இல்லாம காத்தாரு” என்றுதான் சொல்வான். கேட்கிறவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். கட்டைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், ஆமென் என்பார்கள்.

கோயிலில் பெண்கள் பக்கம் பாய்தான். நாற்காலி குருவானவர் சம்சாரத்துக்கும், வந்தால் வெள்ளைக்கார அம்மாவுக்கும் மட்டும். உபதேசியார் வேதசிரோமணி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அன்னாள் எழுந்திருக்கப் பார்த்தாள். இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் முயன்றாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அருள்செல்வி, போர்டிங்கில் மூன்றாம் வகுப்பு டீச்சர், சின்னப் பெண். அவள்தான் அன்னாளின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

“என்னக்கா, முடியலையா?” என்று காதோடு கேட்டாள்.

“சும்மா இரு டீச்சரு, எல்லாரும் பாக்காவ” என்றாள் அன்னாள். பிறகு தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உரத்த குரலில் சொன்னாள்: “எம் பக்கத்துல இருந்தவிய செத்துப்போனாவ. என்னைய மட்டும் ஒரு நகக்கண்ணுகூட நோகாம காப்பாத்துன ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

ஆமென் என்றது சபை. அருள்செல்வியின் கை இன்னும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அன்னாள் குடத்தைத் தூக்கினாள். வலியோடு தூக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். இதை எழுதும்போதே மனசு கிடந்து துடிக்கிறது, யாராவது ஒருவர் அவளை நிறுத்தியிருக்கக் கூடாதா! மண்ணில் ஈரம் விழ ஆரம்பித்தது. முதலில் சொட்டு, பிறகு கோடு. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டார்கள். ஒருநாள் கிணற்றடியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தூக்கி வளைத்துப் பார்த்தார், மதுரைக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொன்னார். இடுப்புப் பொருத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்ததாம். அன்றைக்கே அசையாமல் படுத்திருந்தால் சேர்ந்திருக்கும். பாரம் சுமந்து சுமந்து கோணலாகக் கூடிவிட்டது. இனிமேல் கோல் ஊன்றித்தான் நடக்கலாம், குடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

போர்டிங்கில் தண்ணீர் வேலைக்கு வேறு ஆள் வைத்தார்கள். அந்த அறை தண்ணீர்க்காரிக்கு உள்ளது. கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்துகொள் என்றார்கள்.

அப்போதுதான் தனுஷ்கோடி வந்தார். வக்கீல் குமாஸ்தா. மாட்டு வியாபாரியின் குடும்பத்துக்காகப் பஸ் கம்பெனிமேல் பிராது கொடுத்திருந்தவர், அதே பஸ்ஸில் இன்னும் யார் யார் அடிபட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே இவளிடம் வந்துசேர்ந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, சதா மூக்குப்பொடி, ஆனால் ஏழைகளிடம் மனசு இளகியவர்.

“தாயி, டிரைவருக்கு அபராதம் போட்டாச்சு. தப்பு அவம்மேலதான்னு ஆயிப்போச்சு. நீயும் கேஸ் போடு. ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அது தாண்டுனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

“கேஸா? எனக்கு எதுக்குய்யா கோர்ட்டு? ஆண்டவரு பாத்துக்கிடுவாரு.”

“அவரு பாத்துக்கிடட்டும். அந்த பஸ் மொதலாளியும் கொஞ்சம் பாக்கட்டும். நீ கோல் ஊனி நடக்கே, அவன் அதே பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்டு அடிச்சு விட்டுட்டான். எந்த நாயத்துல சேத்தி?”

சாகிறவரை உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு வேறு வழி இல்லை. மகள் வீட்டில் ஏற்கெனவே வறுமை; மருமகன் கண்மாய்த் தண்ணீர் வந்தால் விதைப்பான், வராவிட்டால் கூலிக்குப் போவான். சரி என்றாள்.

தனுஷ்கோடி அன்றே கட்டளை போட்டார். விபத்தன்று கிழிந்து சுருட்டிப் போட்ட சேலையை இனியும் துவைக்கக் கூடாது, அப்படியே மடித்து வை. டாக்டர் எழுதித் தந்ததையும் படத்தையும் என்னிடம் கொடு. பஸ்காரன் ஆள் அனுப்பினால் கைநாட்டு வைக்காதே, அவன் தருகிறதை வாங்காதே, அவனிடம் ஒரு வார்த்தை பேசாதே.

“பேசாமக்கூடவா இருக்கணும்?”

“அதுதான் ஒனக்குக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்” என்றார் தனுஷ்கோடி.

அவள் எல்லாவற்றையும் கடைப்பிடித்தாள்! தண்ணீரிலேயே பிழைத்தவள், அழுக்குச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தினமும் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். பஸ் கம்பெனி ஏஜெண்டு சங்கிலிப்பாண்டி ஒருநாள் பழத்தோடு வந்து நின்றான்.

“என்ன அன்னாளு, சொகமா இருக்கியா? மொதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு. கைச்செலவுக்குக் குடுத்துவிட்டிருக்காரு. இதுல ஒரு விரலை வச்சிரு, போதும்.”

அன்னாள் வாயைத் திறக்கவில்லை.

“ஏன், இடுப்போட சேந்து நாக்கும் போயிருச்சா?”

கோலை எடுத்து வாசலைக் காட்டினாள். சங்கிலிப்பாண்டி பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலம் அவள் அருள்செல்வியிடம் பெருமையாகச் சொன்னாளாம்: “ஒரு வார்த்த பேசலையே டீச்சரு! நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு.”

இவ்வளவு பத்திரமாக இருந்தவள் கோட்டைவிட்டது எங்கே தெரியுமா? கேஸ் என்ற நினைப்பே இல்லாத நாளில், பாயிலிருந்து எழுந்து நின்று, கடவுளுக்கு நன்றி சொன்னபோது.

அதுவும் எப்படி வெளியே போனது! உபதேசியார் வேதசிரோமணி நல்ல மனுஷர். அன்னாளின் புருஷனை அடக்கம் செய்தபோது கூடவே அழுதவர். வியாழக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்று தெருப் பிரசங்கம் செய்வார். கேட்கிறவர்கள் மனதில் பதியட்டும் என்று ஊரறிந்த கதையாக எடுத்துச் சொல்வார். கிருஷ்ணன்கோவில் பஸ் விபத்தை விட்டுவிடுவாரா? “அந்த பஸ்ஸிலே எங்கள் சபைச் சகோதரி அன்னாள் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர் மாண்டார். அவளோ ஒரு நகக்கண்ணும் நோகாமல் எழுந்து வந்தாள். அவளே எங்கள் கோயிலில் எல்லோர் முன்பாகவும் சொன்னாள்!” வாரா வாரம் சொன்னார், கேஸ் போட்ட பிறகும் சொன்னார். இதில் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு சங்கிலிப்பாண்டி நின்றிருந்தான்.

பஸ்காரர்களின் பதில் மனு கோர்ட்டுக்கு வந்த அன்று தனுஷ்கோடி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“ஏ தாயி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? கோயில்ல என்னத்தச் சொன்ன?”

அவள் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நோகாமன்னா சொன்ன?”

“அப்படித்தான்யா எல்லாரும் சொல்லுவோம். நீங்க ஒங்க சாமிகிட்டப் போயி, கால் வலிய மட்டும் விட்டுவச்சிட்டு மத்ததக் குடுத்ததுக்குக் கும்புடுதேன்னா சொல்லுவிய?”

“நான் சொல்ல மாட்டேன். ஆனா தீர்ப்புச் சொல்லுத முன்சீப்புக்கு அது தெரியணுமே!” பொடியை உறிஞ்சினார். கொஞ்சம் யோசித்தார். “அன்னிக்கு நீ நொண்டுனத யாராச்சும் பாத்தாவளா?”

“டீச்சருதான் தூக்கிவிட்டா. அவ கை குடுக்கலைன்னா எந்திரிச்சிருக்கவே மாட்டேன்.”

“அந்தப் புள்ள வந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்லட்டும். இவளுக்கு அன்னைக்கே எந்திரிக்க முடியல, நான்தான் தூக்குனேன்னு. அது போதும். கேஸே அதுலதான் நிக்குது.”

அருள்செல்வியிடம் கேட்டபோது உடனே சம்மதித்தாள். “இதென்னக்கா பெரிய காரியம், நடந்ததத்தான சொல்லப் போறேன்” என்றாள்.

ஆனால் செய்தி சபைக்குள் பரவியது. வேதசிரோமணிக்குக் கம்பெனி தரப்பிலிருந்து சம்மன் வந்திருந்தது. கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. அன்னாள் கோர்ட்டில் ஏறி, எங்கள் கோயிலில் எல்லோரும் இப்படித்தான் சும்மா சொல்வோம் என்றால் ஊர் என்ன சொல்லும்? பஸ் ஸ்டாண்டில் நின்று இனி ஒரு வார்த்தை பிரசங்கிக்க முடியுமா? உபதேசியாரைத்தான் அவளிடம் அனுப்பினார்கள்.

அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“அன்னாளு, நான் கோர்ட்டுல இல்லாதது எதையும் சொல்ல மாட்டேன். காதால கேட்டதத்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்கய்யா. நான் சொன்னதுதான.”

“நீயும் கொஞ்சம் பாத்துப் பேசு. நம்ம கோயில் ஸ்தோத்திரத்தப் பொய்யின்னு ஒன் வாயால சொல்லிராத. கேட்டுக்கிட்டிருக்கவன் சிரிப்பான்.”

“எனக்கு இடுப்பு போச்சுய்யா. அவன் சிரிக்கிறதா எனக்குக் கவலை?”

“ஒனக்காக ஜெபம் பண்ணுதேன்” என்று சொல்லிவிட்டு வேதசிரோமணி போனார். அதைப் பொய்யாகச் சொன்னவரில்லை, நிச்சயம் ஜெபம் பண்ணியிருப்பார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அருள்செல்வியை யாரும் மிரட்டவில்லை. பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “கோயில் காரியத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கிற டீச்சர்கள் நமக்கு வேணாம்மா.” அவளுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அப்பாவுக்குக் கண் தெரியாது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

கேஸ் விசாரணைக்கு வந்தது. அன்னாள் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். கோலைப் பிடித்துக்கொண்டு கூண்டில் நின்றாள். பஸ் ஓடின வேகத்தை, சாய்ந்ததை, செத்தவரை எல்லாம் நன்றாகவே சொன்னாள். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். கோபமே இல்லை, சிரித்த முகம்.

“ஏம்மா, மறு ஞாயிற்றுக்கிழமை கோயில்ல எந்திரிச்சுப் பேசுனியா?”

“பேசுனேன்.”

“என்ன பேசுன?”

“ஒரு நகக்கண்ணுகூட நோகாம காப்பாத்துனாருன்னு ஸ்தோத்திரம் சொன்னேன்.”

“அப்ப நோகலை.”

“நொந்துச்சு.”

“அப்ப கோயில்ல சொன்னது பொய்.”

“பொய்யின்னு சொல்லாதிய.” அன்னாளுக்குக் குரல் ஏறியது. “பக்கத்துல இருந்த மனுசன் செத்துக் கெடக்காரு. நான் நிக்கேன். உசுரு இருக்கு. அந்நேரம் இடுப்பு வலியெல்லாம் ஒரு வலியாய்யா? அன்னிக்கு அது எனக்கு வலியாவே தெரியல.”

“வலியாவே தெரியல” என்று வக்கீல் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “அதை மட்டும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.” உட்கார்ந்துவிட்டார்.

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு உண்மையான பதில்! அதைவிட உண்மையாக ஒரு மனுஷி எப்படிப் பேச முடியும்? ஆனால் அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பை அவளே ஒடித்துவிட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற முகத்தோடு இறங்கி வந்தாள்.

இனி அருள்செல்வி ஒருத்திதான் மிச்சம்.

அவள் வந்திருந்தாள். வராமல் இருந்திருக்கலாம், ஆனாலும் வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் கசங்கிய கைக்குட்டை. கோர்ட்டின் கடைசியில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடி குமாஸ்தாவாக இருந்த வக்கீல்தான் அன்னாளுக்காக எழுந்து கேட்டார்:

“அன்றைக்கு வாதியைப் பாயிலிருந்து தூக்கி நிறுத்தியது நீங்கள்தானே?”

“கை குடுத்தேன்.”

“அவரால் எழுந்திருக்க முடியவில்லை, அதனால்தானே?”

அருள்செல்வி அன்னாளைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்தாள்.

“வயசானவிய எந்திரிக்கும்போது கை குடுக்கிறதுதான். நான் எல்லாருக்கும் குடுப்பேன்.”

“அவருக்கு வலி இருந்ததா, இல்லையா?”

“அவிய... ஒண்ணும் சொல்லலை.”

அதுவும் உண்மைதான். சும்மா இரு டீச்சரு என்றல்லவா அன்னாள் சொன்னாள். கம்பெனி வக்கீல் கேள்வியே கேட்கவில்லை, போகலாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் வேதசிரோமணி ஏறினார், காதால் கேட்டதைச் சொன்னார், இறங்கினார். டாக்டரைக் கேட்டார்கள், எலும்பில் இருப்பது பழைய விரிசல்தான், ஆனால் எந்த நாளில் விட்டது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார்.

தீர்ப்பில் டிரைவரின் அஜாக்கிரதை நிரூபணமாகியிருக்கிறது என்றுதான் இருந்தது. ஆனால் வாதியின் காயம் அந்த விபத்தில்தான் உண்டானது என்பது நிரூபணமாகவில்லை. அன்று வலி தெரியவில்லை என்று வாதியே சொல்கிறார். அதற்குப் பிறகும் பல வாரம் குடம் சுமந்திருக்கிறார். சுமக்கும்போது விழுந்திருக்கவும் கூடும். கேஸ் தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் தனுஷ்கோடி அவளுக்கு அதை விளக்கிச் சொன்னார்.

“அப்ப நான் சொன்னதுதான் தப்பாயிருச்சா?”

“தப்பில்ல தாயி.”

“பொறவு?”

தனுஷ்கோடி ஒரு சோடா வாங்கிவந்து கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடமே நீட்டினாள். “நீங்கதான்யா ரொம்பக் களைச்சுப்போயிட்டிய” என்றாள்.

போர்டிங் அறையைக் காலி செய்தாள். கேஸ் நடந்ததால் கிறிஸ்துமஸ் தாண்டியும் விட்டுவைத்திருந்தார்கள், இனி காரணமில்லை. மகள் வந்து கூப்பிட்டாள். “ஒம் மாமியா வீட்டுல ஒக்காந்து திங்கவா?” என்று மறுத்துவிட்டாள். சந்து ஒன்றில் ஒரு சின்னக் குச்சு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு வியாபாரிக்குப் புளி உடைத்துக் கொட்டை எடுக்கிற வேலை பார்த்தாள். கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் ஒரு கள்ளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கும். தண்ணீரை மற்றவர்கள் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வம்பும் பேசமாட்டாள், கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். அந்த வாய் எங்கே போயிற்று என்று ஊரே கேட்டது.

யுத்தம் வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அன்னாளும் கோலோடு நின்றாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை அவளுக்கு அப்புறம். வாழ்க்கை அப்படியே மெல்லத் தேய்ந்தது. 1940களின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். மகள்தான் வந்து எடுத்துப் போட்டாள்.

ஆனால் சாகிறவரை கோயிலுக்குப் போவதை மட்டும் அவள் விடவேயில்லை. கேஸ் தோற்ற வாரமே போனாள். பாயில் உட்கார முடியாது, நாற்காலி கேட்க வாய் வரவில்லை, யாரும் போடவுமில்லை. பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, மண் தரையில், கோலை ஊன்றி நின்றுகொண்டே ஆராதனை முழுவதும் கேட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. அதுவே அவள் இடமாகிவிட்டது.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் அருள்செல்வி பாயிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

“அன்னாளக்கா, உள்ள வாங்க. நான் உக்கார வைக்கேன். நான் கை குடுத்து எந்திரிக்க வைக்கேன்.”

அன்னாள் அவளைப் பார்த்தாள். அத்தனை நாளும் அடங்கிக் கிடந்த வாய் அன்றைக்கு ஒரு தடவை திறந்தது.

“நீ வயசானவியளுக்குத்தான கை குடுப்ப டீச்சரு? எனக்கு இன்னும் அம்புட்டு வயசாகல.”

அருள்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போகவும் இல்லை. ஜன்னல் பக்கத்தில், அன்னாளுக்கு அருகிலேயே, சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ஆண்கள் பக்கத்து முன் வரிசையிலிருந்து மேனேஜர் தலையைத் திருப்பினார்.

அன்னாளும் அதைப் பார்த்தாள். கோலை வலக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடக் கையால் அருள்செல்வியின் தோளை லேசாகத் தள்ளினாள்.

“அவரு பாக்காரு. உள்ள போ. ஒங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது.”

“போக மாட்டேன்.”

“போடி, கிறுக்கி. ரெண்டு பேரும் நின்னா எனக்கு மட்டும் கால் வலி கொறஞ்சிருமா?”

அருள்செல்வி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பாயில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.